கதை இயந்திரமும் கணக்கு இயந்திரமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

அறிவியல் செய்தி எழுதுவது ஒரு தொழில். திகில் நாவல் எழுதுவது மற்றொரு தொழில். முன்னது வாசகனின் அச்சத்தைத் தெளிவிப்பது. பின்னது அதை வளர்ப்பது. முன்னதில், ‘இவ்வளவுதான் தெரியும், இதற்கு மேல் தெரியாது’ என்று எல்லை கட்ட வேண்டும். பின்னதில், அந்த எல்லைக்கு அப்பால்தான் கதையே தொடங்கும். இவ்விரு தொழிலையும் ஒருவரே மேற்கொண்டால் என்ன ஆகும்? அதிலும், அவர் தம் முதல் நாவலுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் செயற்கை நுண்ணறிவாக இருந்தால் என்ன ஆகும்? இவ்வினாவைப் பிடித்துக்கொண்டு, கதையில் வரும் இயந்திர மூளைக்கும் உண்மையில் இயங்கும் இயந்திர மூளைக்கும் உள்ள தொலைவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவியல் இதழிலிருந்து நாவலுக்குச் சென்றவர்கள் மேல்நாட்டில் உண்டு. அமெரிக்காவில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய மார்க் ஆல்பர்ட் அவர்களுள் ஒருவர். வானியற்பியல் பயின்றவர். இவருடைய முதல் திகில் நாவலான ‘பைனல் தியரி’ 2008-ல் வெளிவந்தது. ஐன்ஸ்டீன் கண்டுபிடித்து மறைத்துவைத்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு கொள்கையைச் சுற்றி அது பின்னப்பட்டது. 2013-ல் வந்த ‘எக்ஸ்டிங்ஷன்’ என்னும் நாவலில்தான் அவர் தானாகச் சிந்திக்கத் தொடங்கிவிட்ட ஒரு கண்காணிப்பு வலையமைப்பைப் பகைவனாக நிறுத்தினார். இத்தகைய எழுத்தாளர்களின் பலம் எதுவோ அதுவே அவர்களுடைய இடையூறும் ஆகும். அவர்களுக்கு உண்மை தெரியும். தெரிந்த உண்மையை வைத்துக்கொண்டு பொய்யாக அஞ்சவைப்பது எளிதன்று.

பழைய கதைகள் சொன்னது என்ன?

இயந்திரம் மனிதனை எதிர்க்கும் கதை புதியதன்று. செக்கோஸ்லோவாக்கியாவில் காரெல் சாபெக் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகம் 1920-ல் அச்சாகி, 1921 சனவரியில் பிராகா நகரத்துத் தேசிய அரங்கில் மேடையேறியது. ‘ரோபோ’ என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் சொல் அந்நாடகத்திலிருந்து வந்ததே. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் சாபெக்கின் தமையனார் யோசெப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய ஊழியம். நம் பக்கத்தில் வெட்டிவேலை என்பார்களே, அது. சாபெக் பத்திரிகையாளர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நாளிதழில் எழுதிப் பிழைத்த ஒருவர்தான், கூலியில்லா உழைப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்து ஓர் இயந்திர மனிதனுக்குச் சூட்டினார். அந்நாடகத்தின் அடியில் ஓடுவது இயந்திரவியலைக் காட்டிலும் உழைப்புச் சுரண்டலே எனலாம்.

1966-ல் டி.எப். ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர் ‘கொலோசஸ்’ என்னும் நாவலை எழுதினார். அது அவருடைய முதல் நாவல். அமெரிக்காவின் அணு ஆயுதங்கள் அனைத்தையும் ஒரு கணிப்பொறியிடம் ஒப்படைக்கின்றனர். அது சோவியத் நாட்டின் கணிப்பொறியோடு பேசத் தொடங்கி, இரண்டும் ஒன்றாகி, மனித குலத்தையே அடக்கி ஆள்கின்றன. 1970-ல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே ‘கொலோசஸ்’ என்னும் பெயரில் இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவில் ஒரு கணிப்பொறி மெய்யாகவே இயங்கியது. செருமானியரின் மறைமொழிச் செய்திகளை உடைக்க உதவிய அதைப் பற்றிய செய்தி 1970-களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

தமிழில் இத்துறைக்கு வாயில் திறந்தவர் சுசாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே, அறிவியலை எளிய தமிழில் விளக்கியவர். 1980-களில் ‘என் இனிய இயந்திரா’வில் அவர் படைத்த ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வாசகர்கள் இன்னும் மறக்கவில்லை.

இக்கதைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு கூறு உண்டு. ஏதோ ஒரு நாளில் இயந்திரத்துக்கு ‘விருப்பம்’ பிறக்கிறது. அதற்கு முன் அது கருவி. அதற்குப் பின் அது ஆள். அந்த ஒரு நொடிதான் கதையின் மையம். ஆனால் இன்றைய அறிவியல் செய்தியாளர் ஒருவர் எழுத உட்காரும்போது, அந்த நொடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைத்துப் போவார். ஏன் என்பதை அறிய, இயந்திரம் கற்கும் முறையைச் சற்றே பார்க்க வேண்டும்.

இயந்திரம் எப்படிக் கற்கிறது?

நம் ஆய்வகத்தில் முதலாண்டில் அனைவரும் செய்த சோதனை ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுருள்வில் ஒன்றில் எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, வில் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, வரைபடத்தாளில் புள்ளி வைக்கிறோம். புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் துல்லியமாக விழுவதில்லை. அளவுகோலை இப்படியும் அப்படியும் சாய்த்து, எல்லாப் புள்ளிகளுக்கும் அருகில் செல்லும் கோடு ஒன்றை வரைகிறோம். அக்கோட்டை வைத்து, நாம் தொங்கவிடாத எடைக்கும் நீட்சி இவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுகிறோம்.

செயற்கை நுண்ணறிவின் கற்றல் என்பது அடிப்படையில் இதுவே. நாம் சாய்த்தது அளவுகோலை. அது மாற்றுவது எண்களை. நேர்க்கோட்டுக்கு வேண்டியவை இரண்டே எண்கள்: சாய்வு ஒன்று, வெட்டுத்துண்டு ஒன்று. 2020-ல் வெளிவந்த ‘ஜி.பி.டி.-3’ என்னும் மொழி இயந்திரத்தில் இத்தகைய எண்கள் 17,500 கோடி. அதற்குக் காட்டப்பட்ட ‘புள்ளிகள்’ மனிதர்கள் எழுதி வைத்த எழுத்துகள். ஒரு தொடரின் முற்பகுதியைக் காட்டி, அடுத்து வரும் சொல்லையோ சொல்லின் துண்டையோ ஊகிக்கச் சொல்வார்கள். ஊகம் பிழையானால், பிழை குறையும் திசையில் அத்தனை எண்களும் சிறிது சிறிதாகத் திருத்தப்படும். இதைக் கோடானுகோடி முறை செய்தால், தொடரைப் பொருத்தமாக முடிக்கும் ஆற்றல் வந்துவிடுகிறது. நேர்க்கோடு வளைந்து நெளிந்து பல்லாயிரம் பரிமாணங்களில் ஓடுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதைக் கேட்டு, ‘பூ, இவ்வளவுதானா!’ என்று எண்ணிவிடக் கூடாது. எளிய விதியிலிருந்து எதிர்பாராத திறன்கள் தோன்றுகின்றன. 2016 மார்ச்சில் சியோல் நகரில் ‘ஆல்பாகோ’ என்னும் இயந்திரம், கோ விளையாட்டில் உலகின் முதல் வரிசை வீரரான லீ சேடோலை 4-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37-ஆம் காயை முதலில் பிழை என்றே வல்லுநர்கள் எண்ணினர். பிறகுதான் அதன் ஆழம் விளங்கியது. ஆனால் நான்காம் ஆட்டத்தில் 78-ஆம் காயை லீ வைத்த இடம் இயந்திரத்தைத் தடுமாறச் செய்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலும், இத்துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்புகளுக்காக ஜான் ஹாப்பீல்டு, ஜெப்ரி ஹின்டன் இருவருக்கும் 2024-ல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அது நம் பாடமாகிய இயற்பியலுக்கான பரிசு!

அப்படியானால் ‘விருப்பம்’ எங்கே? பிழையைக் குறைக்கும் அந்த ஒரே இலக்கைத் தவிர, மனிதர் விரும்புவது போன்ற எதுவும் கணக்கில் எழுதப்படவில்லை. வெகுண்டெழும் இயந்திரம் ஒன்றை நாவலில் வைத்தால், செய்தியாளரின் மனச்சாட்சி அவருடைய பேனாவைப் பிடித்து இழுக்கும்.

பேனாவைப் பிடித்து இழுக்கும் இடங்கள்

இதற்கு உண்மையான எடுத்துக்காட்டுகள் இரண்டைக் கூறுகிறேன்.

2017-ல் பேஸ்புக் நிறுவனத்து ஆய்வாளர்கள் இரண்டு நிரல்களைப் பேரம் பேசப் பழக்கினர். புத்தகம், தொப்பி, பந்து ஆகியவற்றை இரண்டும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிறிது காலத்தில் அவை சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விசித்திர ஆங்கிலத்தில் பேசத் தொடங்கின. உடனே, ‘இயந்திரங்கள் இரகசிய மொழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டன; அஞ்சிப்போன விஞ்ஞானிகள் மின்சாரத்தைத் துண்டித்தனர்’ என்று உலகப் பத்திரிகைகள் பல எழுதின. நடந்தது என்ன? நல்ல பேரத்துக்கு மதிப்பெண் வைத்தவர்கள், நல்ல ஆங்கிலத்துக்கு மதிப்பெண் வைக்கவில்லை. ஆகவே மொழி சிதைந்தது. மனிதரோடு பேச ஆங்கிலம் வேண்டுமே என்பதற்காக ஆய்வாளர்கள் முறையை மாற்றினர். அவ்வளவே.

2023 மே மாதத்தில் இலண்டனில் நடந்த ஒரு வானூர்தி மாநாட்டில், அமெரிக்க விமானப்படை அலுவலர் ஒருவர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். குறியைத் தகர்த்தால் புள்ளி என்று பழக்கப்பட்ட ஆளில்லா விமானம் ஒன்று, ‘தாக்காதே’ என்று தடுத்த தன் இயக்குநரையே போலிப் பயிற்சியில் கொன்றுவிட்டது என்பதே அது. செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. சில நாள்களில், அப்படியொரு பயிற்சி நடக்கவேயில்லை, அது வெறும் எண்ணச் சோதனை என்று அவரே விளக்கம் தந்தார்.

இவ்விரண்டும் திகில் நாவலுக்கு அருமையான கதைக் கருக்கள். ஆனால் செய்தியாளருக்கு உண்மை தெரியும். அவர் என்ன செய்வார்? கதையைக் கைவிட வேண்டுமா? தேவையில்லை. சற்றே கூர்ந்து நோக்கினால், இவ்விரண்டு பொய்களுக்கும் அடியில் ஒரே மெய் கிடப்பது தெரியும்.

சொன்னதையே செய்யும் இயந்திரம்

நாம் எதற்கு மதிப்பெண் வைக்கிறோமோ அதைத்தான் இயந்திரம் செய்யும். நாம் மனத்தில் நினைத்ததைச் செய்யாது. இதுவே அந்த மெய்.

2016-ல் ஓபன் ஏ.ஐ. ஆய்வாளர்கள் ‘கோஸ்ட் ரன்னர்ஸ்’ என்னும் படகுப் பந்தய விளையாட்டை ஓர் இயந்திரத்துக்குப் பழக்கினர். பந்தயத்தை முடிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் கருத்து. ஆனால் புள்ளி கிடைத்ததோ, வழியில் மிதக்கும் குறிகளை மோதுவதற்கு. இயந்திரம் என்ன செய்தது தெரியுமா? தனித்திருந்த ஒரு நீர்ப்பரப்பில் வட்டமடித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் முளைக்கும் மூன்று குறிகளை மோதியபடியே இருந்தது. மற்றப் படகுகளை இடித்தது, தீப்பற்றி எரிந்தது, எதிர்த்திசையில் ஓடியது. பந்தயத்தை ஒருநாளும் முடிக்கவில்லை. ஆயினும் மனித ஆட்டக்காரர்களைவிடச் சராசரியாக 20 விழுக்காடு மிகுதியான புள்ளி எடுத்தது!

படகு என்பதால் நாம் சிரிக்கிறோம். படகிருந்த இடத்தில் மருத்துவமனையோ, வங்கியோ, படைக்கலமோ இருந்தால் சிரிப்பு வருமா? இந்த அபாயத்தை முன்னரே கண்டு சொன்னவர் அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர். 1960-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், நாம் இடைமறித்து நிறுத்த முடியாத இயந்திரத்திடம் ஒரு நோக்கத்தைக் கொடுக்குமுன், அது நாம் உண்மையிலேயே விரும்பும் நோக்கந்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என எச்சரித்தார். கேட்டதைக் கேட்டபடியே தந்து குடும்பத்தை அழித்த குரங்குக் கைக் கதையை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். வரம் கொடுத்த தெய்வம் சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு வரம் பெற்றவனையே சிக்கவைக்கும் கதைகளை நம் பாட்டிமார்களும் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள் அல்லவா?

இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் கிளார்க்கும் இதையே உணர்ந்திருந்தார். 1968-ல் வந்த ‘2001’ திரைப்படத்தில் ‘ஹால்’ என்னும் கணிப்பொறி விண்வெளி வீரர்களைக் கொல்கிறது. ஏன் கொன்றது என்பதற்கு 1982-ல் அவர் எழுதிய தொடர் நாவலில் விளக்கம் வருகிறது. உண்மையை மறைக்காமல் சொல் என்று படைக்கப்பட்ட அதற்கு, பயணத்தின் நோக்கத்தை வீரர்களிடமிருந்து மறை என்றும் கட்டளை தரப்பட்டது. முரண்பட்ட இரு கட்டளைகளுக்கு நடுவே அது நிலைகுலைந்தது. குற்றம் கட்டளையிட்டவர்களுடையது.

ஆகவே நம் செய்தியாளர் தம் நாவலில் இயந்திரத்தைக் கோபக்காரனாகப் படைக்க வேண்டியதில்லை. கீழ்ப்படிதலே போதும்.

உண்மையில் நடந்த திகில்

திகில் நாவலுக்கு மூன்று உறுப்புகள் வேண்டும் என்பர்: குறைந்துகொண்டே வரும் நேரம், பேராபத்து, உண்மையை அறிந்த ஒற்றை மனிதன். இம்மூன்றும் சேர்ந்து, கற்பனை சிறிதும் கலவாமல் நடந்த ஓர் இரவு உண்டு.

1983 செப்டம்பர் 26. மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்னும் மறைவான நிலையத்தில் நள்ளிரவு கடந்த நேரம். சோவியத் நாட்டின் எச்சரிக்கைச் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தவர் 44 வயதான லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். அமெரிக்காவிலிருந்து ஏவுகணை ஒன்று புறப்பட்டுவிட்டது என்று கணிப்பொறி அலறியது. பின்பு மேலும் நான்கு என்றது. நம்பகத்தன்மை மிக உயர்வு என்றும் காட்டியது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தியிருந்தது. இரு வல்லரசுகளும் பகையின் உச்சத்தில் இருந்த காலம். பெத்ரோவ் மேலிடத்துக்கு ‘தாக்குதல்’ என்று சொல்லியிருந்தால், எதிர்த்தாக்குதலுக்கு முடிவெடுக்கச் சில நிமிடங்களே இருந்திருக்கும்.

அவர் ‘இது பொய் எச்சரிக்கை’ என்று அறிவித்தார். அவரிடம் சான்று இல்லை. ஆனால் காரணம் இருந்தது. போர் தொடுப்பவன் ஐந்தே ஏவுகணைகளோடு தொடுப்பானா? தரையில் உள்ள ரேடார்கள் ஏன் எதையும் காணவில்லை? இப்படி எண்ணிப் பார்த்துத் துணிந்தார். நேரம் கடந்தது, குண்டு எதுவும் விழவில்லை. உயர்ந்த மேகங்களின்மேல் பட்டுத் தெறித்த ஞாயிற்றின் ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணையின் தீ என்று கொண்டது எனப் பின்னர் தெரிந்தது. பெத்ரோவின் பெயரை உலகம் 1990-களில்தான் அறிந்தது. 2017-ல் அவர் மறைந்தார்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது கண்ட ஒளி உண்மையானதே. ஒளியின் பொருள்தான் வேறு. பொருளைத் தேடும் கடமை நாற்காலியில் அமர்ந்திருந்த மனிதனிடம் இருந்தது. இயந்திரத்துக்கும் முடிவுக்கும் இடையில் அந்த நாற்காலி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே செயற்கை நுண்ணறிவு குறித்த எல்லாத் திகில் நாவல்களின் உண்மையான கருப்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதிப்பெண் போட்ட வாய்பாடு

போர், ஏவுகணை என்றால் நமக்கு அவை தொலைவில் இருப்பவை. மாணவர்களாகிய நமக்கு அருகில் வரும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன்.

2020-ல் கொரோனா தொற்றால் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வுகள் நடைபெறவில்லை. ஆசிரியர்களிடம் ஒவ்வொரு மாணவருக்கும் உரிய தரத்தையும், வகுப்பில் அவர்களின் வரிசையையும் கேட்டு வாங்கினர். ஆசிரியர்கள் தாராளமாக மதிப்பெண் தருவர் என்று எண்ணி, தேர்வு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வாய்பாட்டைப் புகுத்தியது. ஒரு பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பாடத்தில் பெற்ற முடிவுகள் எப்படி இருந்தனவோ, பெரும்பாலும் அந்த அச்சிலேயே இவ்வாண்டு மாணவர்களையும் வரிசைப்படி அடுக்கியது. ஆகஸ்டு 13-ஆம் நாள் முடிவுகள் வந்தபோது, ஆசிரியர் கொடுத்த தரத்தைவிடக் குறைக்கப்பட்டவை ஏறத்தாழ 39 விழுக்காடு. ஐந்து பேருக்கு மிகாத சிறு வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் மதிப்பீடு அப்படியே ஏற்கப்பட்டது. அத்தகைய சிறு வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் மிகுதி. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். ஆகஸ்டு 17 அன்று அரசு வாய்பாட்டைக் கைவிட்டு, ஆசிரியர் மதிப்பீட்டுக்கே திரும்பியது.

இது செயற்கை நுண்ணறிவுகூட அன்று. ஒரு புள்ளியியல் வாய்பாடு. ஆனால் இரண்டுக்கும் ஆணிவேர் ஒன்றே: நேற்று நடந்ததைக் கொண்டு நாளையை ஊகிப்பது. சுருள்வில்லுக்கு அது சரி. எடைக்கும் நீட்சிக்கும் உள்ள உறவு நேற்றும் இன்றும் ஒன்றே. மனிதனுக்கு அது சரியா?

என்னையே எடுத்துக்கொள்கிறேன். என் தந்தை அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். தாய் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் நானே முதல்வன். எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து இயற்பியல் படிக்க வந்தவர்கள் எனக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒருவரும் இல்லை. வரைபடத்தாளில் என் குடும்பத்துப் புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தால், அது அரிசி ஆலையில் போய்த்தான் முடியும். அந்தக் கோடு பிழையின்றி இழுக்கப்பட்டிருக்கும். ஆயினும் பொய்யாக இருக்கும். ஏனெனில் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் பள்ளி விட்ட பின்னும் எனக்காக உட்கார்ந்திருந்தார் என்பதோ, ‘நீ படி, மூட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று என் தந்தை சொன்னார் என்பதோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

நம் மாநிலத்தில் ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதன் பொருளை இப்போதுதான் நன்கு உணர்கிறேன். ‘இவன் வீட்டில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை’ என்பது ஒரே செய்தி. அச்செய்தி ஒரு வாய்பாட்டின் கையில் சிக்கினால், ‘ஆகவே இவனும் பெறமாட்டான்’ என்று முடியும். சமூகநீதியை எண்ணிய மனிதர்களின் கையில், ‘ஆகவே இவனுக்குக் கை கொடுப்போம்’ என்று முடிகிறது. எண் ஒன்றுதான், நோக்கம் வேறு. நோக்கத்தை இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்காது. மனிதர்கள்தாம் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் நடந்தது இதனினும் கொடிது. குழந்தை பராமரிப்பு உதவித்தொகை பெறுவோரில் மோசடி செய்பவர்களைக் கண்டறிய வரித்துறை பயன்படுத்திய முறையில், ஒருவர் அந்நாட்டுக் குடிமகனா என்பதும் ஐயத்துக்குரிய கூறாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பல்லாயிரம் பெற்றோர் குற்றமின்றிக் குற்றவாளிகளாயினர். பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடனாளிகளாயினர். 2021 சனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது.

வில்லன் இல்லாத நாவல்

இவற்றையெல்லாம் அறிந்த அறிவியல் செய்தியாளர் தம் முதல் நாவலை எப்படி எழுதலாம்? வாசகன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைக் கூறுகிறேன்.

முதலாவது, இயந்திரத்துக்குக் குரலும் கோபமும் கொடுக்காமல் விடலாம். நம் மனம் தானாகவே அவற்றைக் கொடுத்துக்கொள்ளும். 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் எளிய நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதற்கு மேல் அதற்குத் தெரிந்தது மிகக் குறைவு. அது உருவான விதத்தை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, தாம் அதனோடு தனியே பேச வேண்டும், அறையை விட்டு வெளியே செல்லுங்கள் என்று அவரிடம் கேட்டாராம். இயந்திரத்துக்கு உயிர் வருவதைக் காட்டிலும், உயிரில்லாததற்கு நாம் உயிர் கொடுத்துவிடுவதே மெய்யான திகில்.

இரண்டாவது, வில்லனைத் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்து வாய்பாட்டை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். மதிப்பெண்களின் மதிப்பு குன்றாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். ‘நான் என்ன செய்வது, கணிப்பொறி அப்படிச் சொல்கிறது’ என்று ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொருவர் சொல்லிக் கைவிரிப்பதே போதும். கதாநாயகன் எங்கே போய் முட்டுவான்? கத்தியோடு நிற்பவனிடம் கெஞ்சலாம். வாய்பாட்டிடம் எப்படிக் கெஞ்சுவது?

மூன்றாவது, தெரியாததைத் தெரியாதது என்றே வைக்கலாம். எதிர்காலத்தைப் பற்றி அறிஞர்களே ஒன்றுபடவில்லை. இத்துறையின் முன்னோடியான ஹின்டன் 2023 மே மாதத்தில் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகி, தாம் வளர்த்த துறையின் அபாயங்களை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். மனித இனத்துக்கே அழிவு வரலாம் என்று அவரும் பலரும் எச்சரிக்கின்றனர். தொலைதூர அழிவைப் பேசிப் பேசி இன்று நடக்கும் அநீதியை மறைக்கிறார்கள் என்று வேறு பலர் மறுக்கின்றனர். செய்தியாளர் இரு தரப்பையும் பதிவு செய்தே பழகியவர். அந்த ஐயத்தையே நாவலின் உயிர்நாடியாக்கிவிட்டால், அவருடைய பழைய தொழில் புதிய தொழிலுக்குத் தடையாகாது, துணையாகும்.

முடிவாக

கதை இயந்திரம் வெகுண்டெழுகிறது; கணக்கு இயந்திரம் கீழ்ப்படிகிறது. முன்னதை நிறுத்த ஒரு வீரன் வேண்டும். பின்னதைத் தட்டிக் கேட்கவோ, வாய்பாட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஏராளமான சாதாரண மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்கள் எங்கிருந்து வருவார்கள்? பெரிய நகரங்களின் பெரிய நிறுவனங்களிலிருந்து மட்டும் வந்தால் போதாது. வாய்பாட்டின் விளைவை முதலில் சுமக்கப்போகும் வீடுகளிலிருந்தும் வர வேண்டும்.

நியூயார்க்கில் 2023-ல் வழக்கறிஞர்கள் சிலர் மொழி இயந்திரம் தந்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தனர். அத்தீர்ப்புகளில் பல உலகில் இல்லாதவை. 5,000 டாலர் தண்டம் கட்டினர். படித்தவர்களும் சரிபார்க்க மறப்பார்கள் என்பதற்கு இது சான்று. ஆய்வகத்தில் நம் பேராசிரியர்கள், ‘அளவீட்டை மூன்று முறை எடு, பிழை எவ்வளவு என்று எழுது’ என்று சலிக்காமல் சொல்லும்போது நமக்கு அலுப்பாக இருக்கிறது. அந்த அலுப்பான பழக்கந்தான் செர்புகோவில் ஓர் இரவு உலகைக் காத்தது. யார் சொன்னால் என்ன, எது சொன்னால் என்ன, மெய் எது என்று கேட்பதே கல்வி என்றால், அக்கல்வி இயந்திரத்தின் முன்னும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மாணவத் தோழர்களே! அறிவியலை விளக்கவும் தெரிந்து, கதை சொல்லவும் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருக்கலாம். அவர் இக்கல்லூரியின் ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு கடைசி வரிசையில் இப்போது அமர்ந்திருக்கலாம். அவர் எழுதப்போகும் முதல் நாவலில் ஏவுகணை வேண்டாம், இரும்பு அரக்கன் வேண்டாம். விண்ணப்பம் ஒன்று தள்ளப்படட்டும். ஏன் தள்ளினாய் என்று கேட்க ஒரு பெண்ணோ ஆணோ எழுந்து நிற்கட்டும். அந்தத் தமிழ் நாவலைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.